வெத்தூரியாவுக்காக உப்பு பார்த்தவன்

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சூப்பு பரிமாறி முடித்து, கோஸ் இலையில் கறியைச் சுற்றி வேகவைத்த சர்மாலே பந்திக்குப் போவதற்குச் சற்று முன்னால், என் மனைவி வெத்தூரியா ஊர்க் கூடத்துச் சமையலறையில் ஓர் உருளைக்கிழங்கு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருடமாக எங்கள் ஊரிலும் சோமெஷ் ஆற்றங்கரையில் இருக்கிற இன்னும் ஏழு ஊர்களிலும் கல்யாணமோ ஞானஸ்நானமோ சாவோ, எதுவானாலும் தலைமைச் சமையல்காரி அவள்தான். வேலைக்கு நடுவில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அன்றைக்கு ஒரு குழந்தையின் ஞானஸ்நான விருந்து. இருநூறு பேர். நான் வெளியே மற்ற ஆண்களோடு நின்று பிளம் சாராயத்தின் இரண்டாவது கோப்பையில் இருந்தேன். சபினா வாசலுக்கு வந்து கையை ஆட்டினாள். இருபது வருடமாக வெத்தூரியாவுக்கு அடுத்த கை அவள்தான். வாயைத் திறந்தால் நக்கல்தான் வரும். அன்றைக்கு வரவில்லை.

"கவ்ரில் அண்ணே, உள்ள வாங்க. அக்கா ஒரு மாதிரியா இருக்காங்க."

வெத்தூரியா இரண்டு கையாலும் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நெற்றி முழங்காலில் முட்டுமளவுக்குக் குனிந்திருந்தாள். முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி ஆச்சு?"

"வாயு."

"வாயுவுக்கு இப்படியா வேர்க்கும்?"

"முதுகு வரைக்கும் குத்துதுய்யா. கம்பிய விட்டு அந்தப் பக்கமா இழுக்கற மாதிரி இருக்கு. நிமிர்ந்தா உயிர் போகுது. குனிஞ்சா கொஞ்சம் தேவல." மூச்சு வாங்கிக்கொண்டு சபினாவைப் பார்த்தாள். "நீ ஏண்டி என் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கற? பெரிய பானைக்கு அடியில தீயக் குறை. கால் மணி நேரம் கழிச்சு எடு. பாலேட்ட மேல ஊத்தாத, தனியா வை."

"அக்கா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்."

"சர்மாலே போனப்பறம் வரச் சொல்லு."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாந்தி வந்துவிட்டது. பிறகு நிற்கவேயில்லை. அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கூடத்தின் வழியாகக் கொண்டுபோனபோது வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். படுத்தபடியே என் கையை இழுத்தாள்.

"ஏன் நிறுத்திட்டாங்க? நான் செத்தா போயிட்டேன்? வாசிக்கச் சொல்லுய்யா."

போய்ச் சொன்னேன். அவர்களும் வாசித்தார்கள். அந்தப் பாட்டு கேட்கக் கேட்க ஆம்புலன்ஸ் கிளம்பியது.

அவளுக்கு வந்தது கணைய அழற்சி. அந்த வயதில், ஐம்பத்தெட்டில், தன் உடம்பில் கணையம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கும்தான். மறுநாள் க்ளூஜ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே டாக்டர் அன்கா என்ற பெண்தான் அவளைப் பார்த்துக்கொண்டார். உயரமானவர், வேகமாக நடப்பார், ஆனால் கட்டில் பக்கம் வந்துவிட்டால் அவசரப்படமாட்டார்.

"அம்மா, உங்க பித்தப்பையில சின்னச் சின்னக் கல்லு நிறைய இருக்கு. கடுகு அளவுதான். அதுல ஒண்ணு வழுக்கி வந்து குழாய அடைச்சுக்கிச்சு. கணையத்துல ஊறுற சாறு குடலுக்குப் போய் சாப்பாட்டச் செரிக்கணும். வழி அடைச்சதால உள்ளயே நின்னு, கணையத்தையே செரிக்க ஆரம்பிச்சிடுச்சு."

மூக்கில் ஒரு குழாய், இரண்டு கையிலும் ஊசி. அந்த நிலையிலும் வெத்தூரியா யோசித்தாள்.

"அதாவது, பானைய விட்டுட்டுத் தீ அடுப்பையே வேக வெச்சிருக்கு."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்ப தீயக் குறைங்க."

"அதத்தான் பண்ணிட்டிருக்கோம்."

இரண்டு வருடமாகவே கனமான சாப்பாட்டுக்குப் பிறகு விலாவுக்கடியில் வலி வரும், போகும். சோடா உப்பைக் கரைத்துக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். அதைச் சொன்னபோது டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. "போய்க் காட்டிட்டு வா" என்று ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை.

வாய்வழியாகக் குழாய் விட்டு அடைத்திருந்த கல்லை எடுத்தார்கள். அதற்குள் கணையத்தில் ஒரு பகுதி கெட்டுப்போயிருந்தது. காய்ச்சல் வந்தது, மூச்சு திணறியது, தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு நாள் இருந்தாள். அந்தப் பதினோரு நாளைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல வரவில்லை. ரயிலில் போவேன், தாழ்வாரத்து நாற்காலியில் உட்காருவேன், பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள், கடைசி ரயிலுக்கு முந்தின ரயிலில் திரும்புவேன். ஸ்பெயினில் இருக்கிற எங்கள் மகள் தோரினா லீவு போட்டு வந்து ஒரு வாரம் கூட இருந்தாள். பன்னிரண்டாம் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வெத்தூரியா கண்ணைத் திறந்து, "சட்டைய மாத்தலையா நீ?" என்றாள். வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

மூன்றாவது வாரம் சாதாரண வார்டில் அவளுக்கு முதல் சூப்பு கொடுத்தார்கள். இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"இத சமைச்சவன் கோழிய ரொம்ப தூரத்துல இருந்து பாத்திருக்கான்."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துச் சிரித்துத் தையல் வலிக்கிறது என்று நர்ஸைக் கூப்பிட்டாள்.

ஊரில் இதற்குள் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. கணையம் கெடுவது குடிகாரர்களுக்குத்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரொட்டி வாங்கக் கடைக்குப் போனபோது கடைக்காரி, சுற்றிலும் நாலு பேர் இருக்கையில், குரலைத் தாழ்த்தின மாதிரி நடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் கவ்ரில், வெத்தூரியா யாருக்கும் தெரியாம ஊத்திக்குவாளா? சமையல்கட்டுல பாட்டிலுக்கா பஞ்சம்?"

"அவ குடிக்கிறவளா இருந்தா எனக்கு மிச்சம் கிடைச்சிருக்குமா?" என்றேன். சிரித்தார்கள். ஆனால் அதோடு விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. "அவளுக்கு வந்தது கல்லு. முப்பத்து மூணு வருஷமாக் குடிச்சவன் நான். எனக்கு ஒண்ணும் ஆகல. யாருக்காவது ஏதாவது கேட்கணும்னா, என்னப் பத்திக் கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. நானும் அன்றிலிருந்து குடிக்கவில்லை. சபதமெல்லாம் எடுக்கவில்லை. வீட்டில் தனியாகக் கோப்பையை எடுத்துவைத்துக்கொண்டு உட்காரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் வீட்டுக்கு வந்தாள். பதினேழு கிலோ குறைந்திருந்தாள். கல்யாண மோதிரம் கழன்று விழுந்ததால் அதில் நூலைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். கொழுப்பு கூடாது, பொரித்தது கூடாது, சாராயம் ஒரு சொட்டுகூட ஆகாது, ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், ஒவ்வொரு தடவையும் செரிமானத்துக்கு ஒரு மாத்திரை. கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கியிருந்த சமயம். ஊரே இறைச்சியும் பாலும் முட்டையும் விட்டிருந்தது.

"பாத்தியா," என்றாள், "என் ஒருத்திக்காக ஊரே பத்தியம் இருக்குது."

சமைப்பது நான். இருபத்தெட்டு வருடம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. அதுவரை எங்கள் அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்ததைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. முதல் நாள் உருளைக்கிழங்கு சூப்பு வைத்தேன். அவள் மேஜைக்குப் பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"கிழங்க அப்படியே முழுசாவா போடுவ?"

"வெந்தா உடைஞ்சிடாதா?"

"நீயும் நானும் உடைஞ்சிடுவோம், அது உடையாது. எடு, வெட்டு. அந்தக் கத்தி இல்ல, அது ரொட்டிக்கு."

வைத்த சூப்பில் மூன்று ஸ்பூன் குடித்தாள். மறுநாளும் மூன்று ஸ்பூன். நான் சமைத்த லட்சணம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு காலை, அவள் முற்றத்தில் கோழிகளுக்கு முன்னால் நின்று, ஏப்ரன் பையிலிருந்து நான் சுட்டுக்கொடுத்த ரொட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவதைப் பார்த்தேன்.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

திருடி மாட்டிக்கொண்டவள்போல நின்றாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"உன் சமையல் இல்லய்யா. பயமா இருக்கு. ஒவ்வொரு வாய் முழுங்கறப்பவும், உள்ள போய் அது என்ன பண்ணுதுன்னு காதக் குடுத்துக் கேட்டுட்டே இருக்கேன். அந்தக் கம்பி மறுபடி எப்ப குத்துமோன்னு. எத்தன ஆயிரம் பேருக்குப் போட்டிருப்பேன், 'சாப்பிடுங்க, சாப்பிடுங்க'ன்னு. இப்ப ஒரு துண்டு ரொட்டிய என்னால நம்ப முடியல."

எனக்கு அழகாகப் பேச வராது. தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"கேட்டுல நான் சேர்ந்த புதுசுல, வர்ற ஒவ்வொரு ரயிலும் தடம் புரண்டுரும்னு நெனச்சுட்டே இருப்பேன். ரயில் போனப்பறமும் கேட்டத் திறக்கமாட்டேன். வண்டிக்காரங்க எல்லாம் திட்டுவாங்க. அப்பறம் ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டேன். ரயில் போச்சா, கடைசிப் பெட்டியோட விளக்கு கண்ணுக்கு மறைஞ்சிடுச்சா, திறந்துரு. அடுத்தது வரும்போது அதப் பாத்துக்கலாம்."

"அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"நீ சாப்பிடு. அரை மணி நேரம் நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். ஒண்ணும் ஆகலன்னா அந்த வாய் போயிடுச்சு, அவ்வளவுதான். அப்பறம் அதப் பத்தி நெனைக்கக் கூடாது."

"ஒரு நாளைக்கு ஆறு தடவையா உக்காந்திருப்ப?"

"எனக்கு வேற என்ன வேலை? ரயிலா வருது?"

அப்படியே செய்தோம். முதல் சில நாள் இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சீட்டு விளையாடினோம், பீன்ஸ் உரித்தோம், அதுவும் தீர்ந்தபிறகு பேசினோம். ஆறு அரை மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடத்தில் அவ்வளவு பேசியிருப்போமா என்பது சந்தேகம். அவளுடைய சித்தி செத்த வீட்டில் சமைக்கப்போய், பதினேழு வயதில், நாற்பது பேருக்கான சூப்பைத் தரையில் கொட்டிவிட்டுக் கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதை அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்குச் சொன்னாள். மூன்று ஸ்பூன் ஐந்தாச்சு, ஒரு கிண்ணமாச்சு. கோழிகளுக்கு மறுபடி சோளம் மட்டும்தான் கிடைத்தது.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் ஊரில் வீட்டுக்கு வீடு பன்றி அறுப்பார்கள். நாங்கள் வளர்த்ததைச் சபினா வீட்டுக்குக் கொடுத்திருந்தோம். கொழுப்பு பொரிகிற வாசனை சந்து முழுக்க நிறைந்தது. நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"திற, திற. வாசனையில கொழுப்பு இல்லன்னு டாக்டரே ஒத்துக்குவாங்க." மூக்கை உயர்த்தி இழுத்தாள். "சபினா வெங்காயத்தச் சீக்கிரமே போட்டுட்டா. தீய வேற கூட வெச்சிருக்கா. போய்ச் சொல்லிட்டு வா."

போய்ச் சொன்னேன். சபினா கரண்டியோடு வாசலுக்கு வந்து எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "நாலு வீடு தள்ளி இருந்துக்கிட்டும் என்னைய வாழ விடமாட்டீங்களா அக்கா!" ஆனால் தீயைக் குறைத்தாள். புகைபோக்கியைப் பார்த்தாலே தெரிந்தது.

ஜனவரியில் பித்தப்பையை எடுத்தார்கள். வயிற்றில் நான்கு சின்னத் துளை, மூன்றாம் நாள் வீடு. கல்லை ஒரு குப்பியில் போட்டுத் தரட்டுமா என்று டாக்டர் அன்கா கேட்டார். "எதுக்கு? சூப்புல போடவா?" என்று கேட்டுவிட்டாள் வெத்தூரியா.

ஈஸ்டர் முடிந்து கல்யாணங்கள் தொடங்கின. ஒரு நாள் சபினா வந்தாள். வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அக்கா, மூணாவது சனிக்கிழமை கால்நடை டாக்டர் வீட்டுக் கல்யாணம். முந்நூறு பேர். நீங்க வரணும்."

"நீதான் ரெண்டு விருந்து முடிச்சிட்டியே."

"முடிச்சேன். சாப்பிட்டாங்க. மரியாதையாச் சாப்பிட்டாங்க, அக்கா. ஒருத்தன்கூட ரெண்டாவது தடவ கேட்கல." அவள் குரல் உடைந்தது. "நீங்க சும்மா வந்து நின்னாப் போதும்."

"நின்னு என்ன பண்ண? ருசி பாக்காம நான் என்னடி சமைக்கிறது? நாக்கு நுனியில ஒரு சொட்டு வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னுதான் டாக்டர் சொல்றாங்க. ஆனா ஒரு நாளைக்கு அறுபது தடவ வெச்சுப் பாக்கணும். அது ஒரு சாப்பாடு ஆயிடும்."

வெத்தூரியா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். சபினாவும் திரும்பினாள்.

"அண்ணனா?" என்றாள் சபினா. அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. "அக்கா, அவருக்குச் செருப்ப வேக வெச்சுக் குடுத்தாலும் 'நல்லா இருக்கு'ன்னுட்டுப் போயிடுவாரு!"

அது உண்மைதான். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், முப்பத்து மூன்று வருடமாக.

இரண்டு வாரம் பயிற்சி நடந்தது. வெத்தூரியா சின்னப் பானையில் ஒரே சூப்பை மூன்று விதமாக வைப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு குடிக்க வேண்டும்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அந்த வார்த்தையச் சொன்னா இனிமே சோறு கிடையாது. நாக்கு நுனியில என்ன தெரியுது? ஓரத்துல? முழுங்கினப்பறம் தொண்டையில எது நிக்குது?"

"சூடு நிக்குது."

"ஐயோ, என் தலையெழுத்து!"

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, ஒரு ஸ்பூனை வாயில் வைத்ததும் எனக்கே தெரியாமல் சொன்னேன்: "புளிப்பு முன்னாடியே வந்துட்டுப் போயிடுது. உப்பு லேட்டா வந்து சேருது. நடுவுல ஒண்ணுமே இல்ல, காலியா இருக்கு."

வெத்தூரியா கரண்டியைக் கீழே வைத்தாள். என்னை அப்படி அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"அந்தக் காலி இடத்துலதான்யா வெங்காயம் வரணும்," என்றாள். "நான் வேணும்னே போடல."

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கே போனோம். அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் அவள் உட்கார்ந்தது மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். நான் ஸ்பூனோடு பானைக்குப் பானை ஓடினேன். பெரிய சூப்புப் பானையில் ஏதோ இடித்தது. "இனிப்பு வரல. கேரட்டு பத்தாது" என்றேன். சபினா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தானே ஒரு வாய் குடித்தாள். உடனே போய் ஒரு கூடை கேரட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அதைவிடப் பெரிய பாராட்டு அவளிடமிருந்து யாருக்கும் கிடைத்ததில்லை.

வெத்தூரியா தனக்காக ஒரு சின்னப் பானையில் தனி சர்மாலே வைத்திருந்தாள். பன்றிக்குப் பதில் கோழி நெஞ்சுக்கறி, அரிசி, காளான், சதகுப்பைக் கீரை, தக்காளிச் சாறு. கோஸ் இலையில் சுற்றின இருபது உருண்டை. கொழுப்பு துளிகூட இல்லை. அதை மேஜை ஓரத்தில் மூடிவைத்துவிட்டு, பெண் வீட்டாரிடம் பேசப் போனாள். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் அடியில் இரண்டு சதகுப்பைக் காம்புதான் கிடந்தது.

"யாருடி எடுத்தது?"

சபினா கையை விரித்தாள். "வாத்தியக்காரர் வந்தாரு, அவருக்கும் பித்தப்பை இல்லையாம். பாதிரியாருக்கு சர்க்கரையாம், கொழுப்பும் ஆகாதாம். கடைக்காரியோட புருஷன் ரெண்டு வருஷமா விருந்துல ரொட்டிய மட்டும் தின்னுட்டுப் போறாராம். நோயாளிக்கு வெச்சதுன்னு சொன்னேன் அக்கா. 'நாங்க மட்டும் யாரு?'ன்னு தட்ட நீட்டறாங்க. கடைசியில கடைக்காரியே வந்தா, ருசி பாக்க!"

வெத்தூரியா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆபரேஷன் தழும்பின்மேல் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நோய் வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு பசிக்கிறது என்றாள். அதுவும் அவள் வாயிலிருந்து ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த வார்த்தை. கூடத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்க, நான் அடுப்பின் ஒரு மூலையில் அவளுக்கு மக்காச்சோளக் களி கிண்டி, வேகவைத்த கோழியில் இரண்டு துண்டு வைத்துக் கொடுத்தேன். முழுக்கச் சாப்பிட்டாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உடனே எழுந்து ரொட்டி எடுக்கப் போய்விட்டாள்.

இப்போது எந்த விருந்தானாலும் இரண்டாவது பானை உண்டு. முதலில் முப்பது பேருக்கு வைத்தோம். போன வாரம் எழுபது. உடம்பில் ஒன்றும் இல்லாதவர்களும் அதைக் கேட்கிறார்கள் என்று சபினா புலம்புகிறாள்.

ஜூனில் க்ளூஜுக்குப் போய்க் காட்டினோம். டாக்டர் அன்கா ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணையத்துக்குப் பக்கத்தில் தேங்கியிருந்த நீர் வற்றிவிட்டது. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, கவனமாக இருக்க வேண்டும். மாத்திரையைத் தொடர வேண்டும், ஒருவேளை ஆயுசுக்கும். எடை ஆறு கிலோ கூடியிருக்கிறது.

"முன்ன மாதிரி ஆயிடுவேனா?" என்று கேட்டாள் வெத்தூரியா.

"முழுசா ஆகமாட்டீங்க, அம்மா. ஆனா நல்லா இருப்பீங்க."

அவள் தலையாட்டினாள். பொய் சொல்லாத டாக்டர் என்று படியிறங்கும்போது என்னிடம் சொன்னாள்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் செர்ரி விற்றார்கள். அரைக் கிலோ வாங்கி நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம். வெயில் இதமாக இருந்தது. கொட்டைகளை அவள் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டே சனிக்கிழமை விருந்துக்கு எத்தனை கோஸ் வேண்டும் என்று சபினாவிடம் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி வந்ததும் நான் பையை எடுத்துக்கொண்டேன். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஏறி, ஜன்னலோரத்தில் எனக்கும் இடம் பிடித்து வைத்தாள்.